மின்னசோட்டா ஸ்டேட் ஃபேர்: கடைசி நாளைக் காலை முதல் இரவு வரை அனுபவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் பாதி தாண்டியதும் மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் இருக்கும் எங்கள் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "ஸ்டேட் ஃபேருக்கு எந்த நாள் போகலாம்?" முதல் வாரத்தில் ஒரு வேலை நாளில் போய்விடு, கூட்டம் குறைவு என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் கடைசி நாளைத்தான் சொல்வேன்.

மாநிலத்தின் விவசாயக் கண்காட்சியும் சந்தையும் சேர்ந்த பன்னிரண்டு நாள் திருவிழா அது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே (தொழிலாளர் தினம்) அன்று முடியும். 2026இல் ஆகஸ்ட் 27 தொடங்கி செப்டம்பர் 7 வரை. வழக்கமாக மறுநாள் செவ்வாய்க்கிழமை பல பள்ளிகள் திறந்துவிடும். அதனால் இங்கே வளரும் பிள்ளைகளுக்குக் கோடை முடிவதே அந்தத் திங்கட்கிழமை இரவுதான். நம் ஊரில் தேர் நிலைக்கு வந்து சேரும் நாளில் தெருவில் ஒரு நிறைவும் ஒரு வெறுமையும் சேர்ந்து நிற்குமே, அதை நான் இந்த ஊரில் பார்த்தது அங்கே மட்டும்தான்.

முதல் ஃபேர் நடந்தது 1859இல். இப்போது நடக்கும் ஃபால்கன் ஹைட்ஸ் மைதானத்துக்கு 1885இல் வந்தது. இன்று 322 ஏக்கர். 2019இல் பன்னிரண்டு நாளில் 21 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள், இன்றுவரை அதுதான் உச்சம். இவ்வளவு பெரிய இடத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் கடிகாரம்

கடைசி நாளின் முக்கியமான விதி இதுதான். மற்ற நாட்களில் வாசல் காலை 7 முதல் இரவு 11 வரை. உள்ளே இருக்கும் கண்காட்சிக் கட்டடங்கள் 9 முதல் 9 வரை. லேபர் டே அன்று கட்டடங்கள் இரவு 8 மணிக்கே மூடிவிடும், ஃபேரே 9 மணிக்கு முடிந்துவிடும்.

நாங்கள் முதல் முறை போனபோது இது எங்களுக்குத் தெரியாது. மாலை ஆறரைக்கு உள்ளே நுழைந்தோம், பதினொன்று வரை நேரம் இருக்கிறதே என்ற தைரியத்தில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை வெண்ணெய்ச் சிலை பார்க்கக் கூட்டிப்போய் நின்றால், கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாக மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான். அம்மாவின் விசா அந்த மாதத்தோடு முடிந்தது. அடுத்து அவள் வர மூன்று வருஷம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன்: கடைசி நாளை முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். எது முதலில் மூடுமோ அதை முதலில் பாருங்கள். ராட்டினமும் விளக்கும் கடைசியில் போதும், அவை இருட்டில்தான் அழகு.

முந்தின இரவு

டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். ஃபேர் தொடங்குவதற்கு முன்பே வாங்கினால் விலை குறைவு. நான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு இலவசம். அன்றைய நாளுக்கென்று சலுகை உண்டா என்று அதிகாரபூர்வத் தளத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே 'ப்ளூ ரிப்பன் பார்கெய்ன் புக்' என்று ஒரு கூப்பன் புத்தகம் விற்பார்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் அதன் காசு மதியத்துக்குள் திரும்பிவிடும்.

பையில் வைக்க வேண்டியவை: காலி தண்ணீர் பாட்டில், மெல்லிய ஜாக்கெட், சன்ஸ்கிரீன், ஈரத் துடைப்பான், கொஞ்சம் ரொக்கம், பெரிய ஜிப் பை இரண்டு. ஜிப் பை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் காலை ஏழு மணிக்குக் குளிர் லேசாகக் கடிக்கும், மதியம் வெயில் நன்றாகவே அடிக்கும். செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போதும். புது ஷூவை மட்டும் அன்று போடாதீர்கள்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். மதுபானம்தான் கூடாது. அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு டப்பா தயிர்சாதமும் மோர்மிளகாயும் இருந்தால், பொரித்த பண்டம் திகட்டும் நேரத்தில் கைகொடுக்கும்.

போய்ச் சேருவது

காரை மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்த முயலாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் இலவச பார்க் அண்ட் ரைட் இடங்கள் நிறைய உண்டு. காரை விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால் வளாகமும் இதில் ஒன்று. கார் இல்லாதவர்களுக்கு மெட்ரோ ட்ரான்சிட்டின் ஏ லைன் பேருந்து ஸ்னெல்லிங் அவென்யூ வழியாக வருகிறது. எந்தப் பேருந்தில் வந்தீர்களோ அதன் நிறுத்தப் பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். இரவில் களைப்போடு தேடும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

வாசலில் பைச் சோதனை இருக்கும். சிறு பிள்ளைகளோடு வந்தால், உள்ளே தகவல் மையத்தில் பெற்றோரின் எண்ணை எழுதிக் கட்டும் கைப்பட்டை இலவசமாகத் தருவார்கள். முதல் வேலையாக அதைக் கட்டிவிடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். "எனக்கு எதுக்கு அது" என்று முதலில் சொல்வார்கள். எடுத்து வையுங்கள், மதியம் உட்கார்ந்துவிடுவார்கள்.

காலை 7:30 முதல் 10 வரை: மாடும் குட்டியும்

கட்டடங்கள் ஒன்பதுக்குத்தான் திறக்கும். அதுவரை கொட்டகைப் பக்கம் போங்கள். மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டகை, குதிரைக் கொட்டகை எல்லாம் ஜட்சன் அவென்யூவை ஒட்டியே இருக்கின்றன. முதல் சில நாட்கள் 4-எச் என்ற சிறுவர் அமைப்பின் பிள்ளைகள் வளர்த்த கால்நடைகள் போட்டிக்கு வரும். கடைசி நாட்களில் எஃப்எஃப்ஏ என்ற பள்ளி விவசாய அமைப்பின் மாணவர்களுடையவை. பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தன்னைவிடப் பத்து மடங்கு கனமான மாட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பிளோயர் வைத்து முடி உலர்த்திக்கொண்டிருப்பாள். பேச்சுக் கொடுங்கள். மாட்டின் பெயர், வயது, தீனி எல்லாம் சொல்வாள். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் மடியைக் காட்டி, விரல் விட்டு எண்ணி, எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பதிலைக் கேட்டு, "எட்டு மாட்டுப் பால் ஒரு மாட்டுலயா?" என்று வெகுநேரம் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து பிரசவக் கூடம். 'மிராக்கிள் ஆஃப் பர்த் சென்டர்' என்பது பெயர். கன்றும் ஆட்டுக்குட்டியும் பன்றிக்குட்டியும் அங்கேயே, பார்வையாளர் கண்முன்னே பிறக்கும். பக்கத்தில் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் நின்று விளக்குவார்கள். கடைசி நாளில் இதற்கு ஒரு தனி விசேஷம் உண்டு. முதல் நாள் பிறந்த குட்டிக்கு அன்று பதினொரு நாள் வயது. அன்று காலை பிறந்தது ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும். அடுத்த தட்டியில் பதினொரு நாள் குட்டி துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். மற்ற நாளில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இங்கே பத்தரைக்கு மேல் கூட்டம் நெருக்கும். அதற்குள் வெளியே வந்துவிடுங்கள். மாலையில் பார்க்கலாம் என்று கொட்டகைகளைத் தள்ளிப் போடாதீர்கள். மாலையாகிவிட்டால் ஆட்கள் தீவனத் தொட்டியையும் கயிற்றையும் வண்டியில் ஏற்றும் மும்முரத்தில் இருப்பார்கள்.

10 முதல் 12 வரை: வெண்ணெய் முகமும் விதை ஓவியமும்

முதலில் பால் கட்டடம். ஒவ்வொரு வருஷமும் மாநிலப் பால்பண்ணைக் குடும்பங்களிலிருந்து ஒரு பெண்ணை 'பிரின்சஸ் கே ஆஃப் தி மில்கி வே' என்று தேர்ந்தெடுப்பார்கள். அவளுடைய முகத்தையும், இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற பெண்களின் முகங்களையும் வெண்ணெயில் செதுக்குவார்கள். ஒரு கட்டி 90 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 41 கிலோ. சுழலும் கண்ணாடி அறைக்குள் குளிர் 4 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் சிற்பியும் பெண்ணும் கம்பளி உடுப்போடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 2021 வரை சுமார் 50 வருஷம் இந்த வேலையைச் செய்தார். அவருக்குப் பிறகு ஜெர்ரி குல்சர் செய்கிறார். செதுக்குவதைப் பார்க்க ஆசை என்றால் நடுவில் ஒரு நாள் வரவேண்டும். செதுக்கி முடித்த முகங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி நாட்கள்தான். அதன் பின் அந்த வெண்ணெய் அந்தந்தப் பெண்ணின் வீட்டுக்கே போகும். ஊர் கூடிச் சோளம் அவித்துத் தின்னும் விருந்துகளில் அது உருகித் தீரும்.

சரி, அடுத்தது தோட்டக்கலைக் கட்டடம். என்னைக் கேட்டால் இந்த ஃபேரின் ஆன்மா இங்கேதான் இருக்கிறது. எட்டுப் பக்கம் கொண்ட வெள்ளைக் கட்டடம், 1947இல் கட்டியது. உள்ளே ஒரு பகுதியில் விதை ஓவியங்கள். 1965 முதல் போட்டி நடக்கிறது. வரிசை நீளமாகத்தான் இருக்கும், நில்லுங்கள்.

தூரத்தில் பார்த்தால் ஓவியம் போலிருக்கும். கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால்தான் ஒவ்வொரு புள்ளியும் ஒரு விதை என்று தெரியும். கன்னத்தின் நிழலுக்குத் தினை வகை, தலைமுடிக்குக் கறுப்பு நிறக் காட்டரிசி, உதட்டுக்குச் சிவப்பு பீன்ஸ், கண்ணின் வெள்ளைக்குக் கசகசாவைப் போன்ற பொடி விதை. மின்னசோட்டாவில் விளையும் பயிர்களின் விதைகள் மட்டும்தான் அனுமதி. எந்த இடத்தில் என்ன விதை என்பதைக் காட்டும் சிறு பட்டியலையும் ஒவ்வொரு ஓவியத்தோடும் ஒட்டியிருக்க வேண்டும், விதையையே மாதிரிக்கு ஒட்டி. அந்தப் பட்டியலைப் படிக்காமல் நகராதீர்கள். ஓவடோனா ஊரில் அழகு நிலையம் நடத்திய லில்லியன் கோல்டன் என்பவர் இந்தக் கலையைப் பிரபலமாக்கினார். விதையில் அவர் வரைந்த உருவப்படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இரண்டாவது முறை வந்தபோது அம்மா இங்கே முக்கால் மணி நேரம் நின்றாள். கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிற கண் அது. ஒரு ஓவியத்தில் ஆளி விதைகளை எல்லாம் ஒரே திசையில் சாய்த்து ஒட்டியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "பாரு, நுனி எல்லாம் ஒரே பக்கம். காத்து அடிக்கிற மாதிரி இருக்கு." அது வரை நானும் என் மகளும் அதை ஓர் ஆற்றங்கரைப் படமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வரிசையின் முதலுக்குப் போய்விட்டாள்.

அதே கட்டடத்தில் தேன் ஐஸ்கிரீம் கிடைக்கும், சூரியகாந்தி விதை தூவியது. ஆப்பிள் பகுதியையும் பாருங்கள். நாம் கடையில் விலை பார்த்து யோசிக்கும் ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ரகம்.

சாப்பாடு

வரிசையில் நின்று வாங்கினதெல்லாம் முழுசாகத் தின்னவேண்டும் என்று நினைத்தால் மதியத்துக்குள் படுத்துவிடுவீர்கள். ஒன்று வாங்கி நான்கு பேர் பிய்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் வரிசை இப்படி: முதலில் சுட்ட சோளம். மட்டையை உரித்துப் பின்னால் பிடியாக வைத்து, உருக்கிய வெண்ணெயில் முழுசாக முக்கித் தருவார்கள். வீட்டிலிருந்து எலுமிச்சை ஒரு மூடியும், உப்பு கலந்த மிளகாய்த் தூள் ஒரு பொட்டலமும் கொண்டுபோனால் மெரினா வந்துவிடும். அப்புறம் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், மினி டோனட், மாவில் தோய்த்துப் பொரித்த சீஸ் கர்ட்ஸ் என்ற சீஸ் துண்டுகள். சீஸ் கர்ட்ஸ் சூடாக இருக்கும்போது மட்டும் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற பொருள் சேர்ந்த சீஸ் வேண்டாம் என்பவர்கள் கவுண்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். டோனட்டிலும் குக்கியிலும் முட்டை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொரிக்கும் எண்ணெயைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள், பதில் சொல்வார்கள். அசைவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: 1947 முதல் விற்கும் ப்ரான்டோ பப் (குச்சியில் செருகி மாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜ்), குச்சியில் செருகிய வால்ஐ மீன் என்று ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று.

பால் கடையை விட்டுவிடாதீர்கள். சிறு தொகை கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், வெள்ளைப் பாலும் சாக்லேட் பாலும். "சூடா கிடைக்காதாம்மா?" என்று எங்கள் அம்மா கேட்டாள். கிடைக்காது, பனிக்குளிர்ச்சிதான். இரண்டு டம்ளர் குடித்தாள்.

மதியம் 2 முதல் 5 வரை: உட்காருங்கள்

தினமும் இரண்டு மணிக்கு ஓர் ஊர்வலம் போகும். பள்ளி பேண்டு வாத்தியம், பழைய வண்டி, குதிரை என்று. ஒன்றரைக்கே நிழல் உள்ள ஓரமாகப் பார்த்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்துவிடுங்கள். கால் ஓயவும் வயிறு நிறையவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1901 செப்டம்பர் 2, அதுவும் ஒரு லேபர் டே. அப்போது அது ஃபேரின் முதல் நாளாக இருந்தது. துணை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே வந்து பேசினார். மெதுவாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள் என்ற அவருடைய புகழ்பெற்ற வாசகத்தை இங்கே கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். நான்கு நாள் கழித்து ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டார். அந்த மாதம் 14ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார்.

ஊர்வலம் முடிந்ததும் 'யே ஓல்ட் மில்' படகில் ஏறுங்கள். இருட்டுச் சுரங்கத்துக்குள் தண்ணீரில் மெதுவாக நகரும் மரப்படகு, 1915 முதல் ஓடுகிறது. வெயிலுக்கு உள்ளே சில்லென்று இருக்கும். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது, தன் தாத்தா பாட்டி காதலித்த காலத்தில் இதில் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

5 முதல் 8 வரை: வாங்குவதும் கடைசிச் சுற்றும்

கிராண்ட்ஸ்டாண்டு என்ற பெரிய பார்வையாளர் அரங்கத்துக்குக் கீழே இருக்கும் கடைகளில் கடைசி நாள் மாலை விலை இறங்கும். மூட்டை கட்டி எடுத்துப்போவதைவிட விற்றுவிடலாம் என்று பல கடைக்காரர்கள் நினைப்பார்கள். அட்டையில் கையால் புது விலை எழுதித் தொங்கும். துணி, தொப்பி, சமையல் சாமான், வீட்டு அலங்காரப் பொருள்களுக்கு இது பொருந்தும். சாப்பாட்டுக் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள். மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அவர்களும் பன்னிரண்டு நாள் நின்ற கால்களோடு இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பொருள் காலையிலேயே கண்ணில் பட்டால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மாலைவரை காத்திருந்து அளவு தீர்ந்துபோன சட்டையைப் பார்த்து வருந்துவதில் லாபம் இல்லை.

ஏழு மணிக்குக் கைவினைக் கட்டடத்துக்குள் ஒரு நடை போங்கள். ஒட்டுத்துணி மெத்தை விரிப்புகள், பின்னல் வேலை, ஜாம் பாட்டில்கள், ரிப்பன் குத்திய கேக்குகள். கூட்டம் வடிந்திருக்கும், ஒவ்வொரு தையலையும் நின்று பார்க்கலாம்.

ஏழரைக்கு குக்கி. 1979இல் தொடங்கிய ஸ்வீட் மார்த்தா கடையில் வாளி நிறைய சாக்லேட் சிப் குக்கியைக் குவித்துத் தருவார்கள். குவியல் மூடிக்கு மேலே நிற்கும், மூடவே முடியாது. மேலே இருப்பதைத் தின்றால்தான் மூடும். அதற்குத்தான் ஜிப் பை. சூட்டோடு மூடிவிடாதீர்கள், வேர்த்து நமுத்துவிடும். பையின் வாயைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

8 மணிக்குப் பிறகு

செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் ஏழே முக்கால் வாக்கில் மறையும். கட்டடங்கள் மூடும் நேரத்தில் ராட்டினங்களின் விளக்குகள் முழு வெளிச்சத்துக்கு வந்திருக்கும். 1965இல் கட்டிய ஸ்பேஸ் டவர் கோபுரத்தில் ஆட்கள் உட்காரும் கூண்டு மெதுவாகச் சுழன்றபடி மேலே ஏறும். ஒரு பக்கம் மினியாபொலிஸ், இன்னொரு பக்கம் செயின்ட் பால், கீழே அணையப்போகும் சந்தை. பகலில் வரிசை நீளம் என்று விட்டிருப்பீர்கள், இப்போது ஏறுங்கள். ஆனால் எட்டேகாலுக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

எட்டே முக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருந்தால் வரிசை பொறுக்கக்கூடியதாக இருக்கும். ஒன்பது அடித்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். காலையில் எடுத்த போட்டோவைப் பாருங்கள், சரியான எண்ணா என்று.

போன முறை நாங்கள் ஏறிய பேருந்து நகர்ந்தபோது, பின்னால் பெரிய ராட்டினத்தின் விளக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வாளியை மடியில் வைத்தபடி மகள் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை 7:10க்கு அவளுக்குப் பள்ளிப் பேருந்து. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காலையில் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த மாட்டின் பெயரை மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.